துபாய்க்குப் பூ கேட்ட காலை

பேய், குறி, சாமி உத்தரவு எதையும் நான் நம்பினவன் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சின்ன மெஸ்ஸில் இருபத்தைந்து வருஷமாகப் பார்சல் கட்டுகிறேன். படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். ஆட்களோடு பேசக் கூச்சம், அதனால்தான் பரிமாறப் போகாமல் பின்பக்கம் பார்சலோடு நின்றுவிட்டேன். இப்படிப்பட்டவன் கதை கட்டிச் சொல்வானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ரேவதி கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள். பத்து நாள் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து என் மனைவி செல்விக்கு வேறு வேலையே இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாள் வாரியாக எழுதினாள். முதல் நாள் அந்த உயரமான கட்டிடம், இருட்டினதும் அதன் கீழே ஆடுகிற நீரூற்று. இரண்டாம் நாள் பாலைவனத்தில் ஜீப்பும் ஒட்டகமும், ஜீப் குலுக்கும் என்பதால் சாப்பிடுவதற்கு முன்பே. மூன்றாம் நாள் தங்கக்கடைத் தெரு, படகு. பகலில் வெயில், அதனால் பகலெல்லாம் ஏசி போட்ட மால். திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போகாதவள், அந்த ஊரில் பிறந்தவள் மாதிரி வழி சொன்னாள்.

எனக்கோ வேறு பயம். விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அதிகாரி ஏதாவது கேட்பார், எனக்கு வாய் வராது, பின்னால் வரிசையே நின்று பார்க்கும். இதை வெளியில் சொல்ல வெட்கம். சாக்குகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மொதலாளியே போய்ட்டு வாய்யான்னுட்டாரு. இன்னும் இன்னா சாக்கு வெச்சிக்கினு கீற?” என்றாள் செல்வி.

“வெயில் ஜாஸ்தியாம்.”

“மெட்ராஸ்ல இன்னா பனியா பெய்யுது?”

கடைசியில் ரேவதி, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால்தான் டிக்கெட் என்றுவிட்டாள். செல்வி ஒரு முடிவுக்கு வந்தாள். “அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம். வெள்ள வந்தா போறோம். செவப்பு வந்தா நானே ரேவதிக்கு வேணாம்னு சொல்லிட்றேன். அப்புறம் இந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் காலண்டர் தாளை மடித்து வைத்தாள். அதைப் பார்த்தும் நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனோம். செல்வி பிரகாரம் சுற்றப் போனாள். பூப் பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு, பார்சல் கட்டுகிற கையாயிற்றே. வாசலில் பூக்காரம்மாவிடம் செவ்வரளி இரண்டு வாங்கினேன். ஆமாம், இரண்டும் சிவப்பு. ஒவ்வொன்றையும் ஒரு இலைத் துண்டில் வைத்து மடித்து வாழைநாரால் கட்டினேன். நான் இடது கைக்காரன், நாரை மறுபக்கமாகச் சுற்றி முடிச்சுப் போடுவேன். அந்த முடிச்சை மெஸ்ஸில் வேறு யாருக்கும் போட வராது.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார். செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். “நீயே பிரிய்யா” என்று என்னிடம் நீட்டினாள்.

என் முடிச்சு போட்டபடியே இருந்தது. நானே அவிழ்த்தேன். உள்ளே வெள்ளை அரளி.

நம்பினால் நம்புங்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. செல்வி கோயில் என்றும் பார்க்காமல் என் தோளில் ஓர் அடி போட்டுச் சிரித்தாள். நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பிரித்தேன். அதில் நான் வைத்த சிவப்பு அப்படியே இருந்தது. பூக்காரம்மாவிடம் ஓடினேன்.

“வெள்ள அரளி குடுத்தியாம்மா?”

“வெள்ளயா? இன்னிக்கி மார்க்கெட்லயே வரல நைனா. வேணும்னா நாளைக்கி வா.”

அப்புறம் என்ன, போனோம். ‘விசிட் டாட்டர்’ என்று ஒரு மாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த அதிகாரி என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். உயரக் கட்டிடத்தின் உச்சியில் எல்லோரும் இறங்கலாம் என்றபோது, இன்னும் பத்து நிமிஷம் என்று கெஞ்சியது நான்தான். ஒட்டகத்தின் மேல் செல்வி போட்ட கூச்சலை மருமகன் இன்னமும் போனில் கத்திக் காட்டுகிறார்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து மனசு கேட்கவில்லை. செல்வி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“செல்வி, அன்னிக்கி கோயில்ல நானு...”

“ரெண்டுலயும் செவப்பு வெச்சே. அதானே?”

“பாத்தியா?”

“கோயிலுக்குப் பின்னால சுத்திக்கினு கீறவ எப்பிடிப் பாப்பேன்? உன்ன எனக்குத் தெரியாதா? மூணாவது சுத்துல அம்மாகிட்ட சொல்ட்டேன். அந்தாளு வேலைய அந்தாளு பண்ணட்டும் தாயே, உன் வேலைய நீ பண்ணுன்னு.” சொல்லிவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

அவளுக்குத் தெரிந்தது போகட்டும், இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவள். ஆனால் கட்டினது நான், பிரித்ததும் நான். நடுவில் அந்தச் சிவப்புப் பூ எங்கே போயிற்று?

இப்போது சிங்கப்பூர் என்று ஆரம்பித்திருக்கிறாள். பூ கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம், வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.