நான் பிறந்த மாவட்டம்

கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் என் பிறப்புச் சான்றிதழையும் குடியுரிமை விண்ணப்பத்தையும் அருகருகே வைத்தார். "இதில் யாழ்ப்பாணம். அதில் கிளிநொச்சி. நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?"

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இத்தாலியின் பலெர்மோவில் பல வருடமாக நான் யாழ்ப்பாணம் என்றே சொல்லி வந்தேன். வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் கிளிநொச்சிப் பக்கம் பூநகரி என்று உண்மையைச் சொல்ல, "காட்டுக்குள்ளையிருந்தோ வந்தனி? கரடி ஒண்டும் கடிக்கேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். பந்தியே சிரித்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பற்றைக்காடுதான். அவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு நாலே பிரதேச செயலகப் பிரிவுகள். இங்கே நான் வேலை செய்யும் பகேரியாவுக்கு ரயிலில் போய்ச் சேர்வதற்குள் வேறு நகரசபைகள் வந்து போய்விடும்.

விண்ணப்பம் நிரப்பிய அன்று மனைவி, "யாழ்ப்பாணம் எண்டே போடுவம். எல்லாரும் அப்பிடித்தானே போடுறவை" என்றாள்.

"அரசாங்கக் கடுதாசியிலை பொய் வேண்டாம். கிளிநொச்சி எண்டு எழுதும்."

"இஞ்சை பாருங்கோ, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஐயாவுக்கு ரோசம் வந்திட்டுது" என்று சிரித்தபடி எழுதினாள். சான்றிதழில் பெயரையும் திகதியையும் மட்டும் சரிபார்த்தோம். என் ஊர் எனக்குத் தெரியாதா?

தெரியவில்லை. நான் பிறந்தபோது கிளிநொச்சி என்று தனி மாவட்டமே இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் அதை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்தார்கள். இத்தனை வருடமும் பொய் என்று கூசிக்கொண்டு சொன்னதுதான் சான்றிதழில் இருந்தது.

"பத்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் நிராகரிக்கப்படும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்றார் அந்தப் பெண்.

மகளுக்குப் பதினாலு வயது. அவள் பதினெட்டைத் தொடுவதற்கு முன் எனக்குக் குடியுரிமை கிடைத்தால் அவளுக்கும் கிடைக்கும். மறுபடி தொடங்கினால் பிந்திவிடும்.

எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது. "சிஞ்ஞோரா, நாளைக்குப் பகேரியாவைப் பலெர்மோவிலிருந்து பிரித்துத் தனி மாகாணம் ஆக்கினால், அங்கே முன்பே பிறந்தவர் எங்கே பிறந்தவர்?"

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பகேரியாவில் பிறந்தவள்" என்றார். பிறகு, "இதையே உங்கள் ஊர் அலுவலகத்திலிருந்து எழுதி வாங்கி வாருங்கள்."

ஊரில் இருக்கும் அண்ணா மோட்டார் சைக்கிளில் பூநகரிப் பிரதேச செயலகத்துக்கு இரண்டு தரம் போனார். "முதல் நாள் பெரியவர் இல்லையாம். ரெண்டாம் நாள் நான் கதிரையை விட்டு எழும்பேல்லை" என்றார் தொலைபேசியில். ஒன்பதாம் நாள் கடிதத்தின் படம் வந்தது. அந்த இடம் முன்னர் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது, தற்போது கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. மொழிபெயர்த்துக்கொண்டு பத்தாம் நாள் ஓடினேன்.

அவர் வாசித்துவிட்டு அதை என் கோப்பில் வைத்தார். "மூலப்பிரதி வந்ததும் கொண்டு வாருங்கள். மறுபடி தொடங்க வேண்டியதில்லை."

வெளியே வந்து படியில் இருந்தேன். வேலைக்குப் போக வேண்டிய பகேரியா ரயில் அதற்குள் போய்விட்டது.