யாழினிக்கு என்ன கேட்டது?

சோதனை நடுவில் செல்வியின் போன் அலறியது. "ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னேனா இல்லையாம்மா?" என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தஞ்சாவூரில் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

செல்வி கீழ்வேளூர்க்காரி. அவள் மடியில் மூன்று வயது மகள் யாழினி. பிறவியிலேயே காது கேட்காத குழந்தை. ஆபரேஷன் செய்து உள்காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பேச்சு எவ்வளவு பிடிபடுகிறது என்று பார்ப்பது ஆடியாலஜிஸ்டான என் வேலை. மேசையில் இரண்டிரண்டாகப் பொம்மைகளை வைப்பேன். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, கறுப்புத் துணி கட்டிய வளையத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒன்றின் பெயரைச் சொல்வேன். குழந்தை அதை எடுத்துத் தர வேண்டும். யாழினி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. போன தடவையும் அப்படித்தான். அதனால் காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸரில் சத்த அளவை ஏற்றாமலே விட்டிருந்தோம்.

செல்வி பதறிப்போய்ப் பைக்குள் போனைத் துழாவினாள். நான் நிறுத்தாமல் "மாடு" என்றேன். குழந்தை அசையவில்லை. "பஸ்" என்றேன். திரும்பி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"எந்திரிச்சு அந்த நாற்காலில உக்காரு செல்வி."

மடியை விட்டு இறங்கிய பிறகு யாழினி ஒன்றையும் தொடவில்லை. செல்வி அழுதேவிட்டாள்.

"எந்தப் பக்கம்னு தொடையில லேசா அமுக்குவேன் மேடம். அவ பெரியப்பா, 'நடவு நேரத்துல வாரா வாரம் தஞ்சாவூருக்கு என்ன ஓட்டம், கேக்கலைன்னா விட்டுத் தொலைங்க'ங்குறாரு. சிங்கப்பூர்ல இருக்குற இவ அப்பா அண்ணன் பேச்சைத் தட்ட மாட்டாரு. பேச்சுத் தெரபிய நிறுத்திட்டா எம்புள்ளைக்குப் பேச்சே வராதே!"

கோபம் எங்கே போனதோ, பாவமாகத்தான் இருந்தது. "அட அசடே, மார்க் போடவா உன்னைக் கூப்பிட்டேன்? கேக்கலைன்னு தெரிஞ்சாத்தானே மிஷினைச் சரி பண்ணலாம்!"

உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "புள்ளைகிட்ட குறை இல்லைங்க, சத்த அளவுதான் பத்தலை. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"சரிங்க. அறுப்பு முடியட்டும், நானே வந்து பாக்குறேன்" என்றார். பார்த்துவிட்டு நிறுத்தத்தான் வருவார் என்று செல்வி தேம்பினாள்.

ஒவ்வொரு முறையும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். முதலில் யாழினி தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கி வீசினாள். பிறகு பழகினாள். செல்வி நடவோடு நடவாக ஒரு வாரமும் தவறாமல் வந்தாள்.

அறுப்பு முடிந்து சொன்னபடியே பெரியப்பா வந்தார். புது ஆளைப் பார்த்த யாழினி சோதனைக்கு உட்காரவே மறுத்துவிட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் பஸ்ஸை உருட்டினாள். செல்வியின் முகம் செத்துப்போனது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் செல்வியிடம் கேட்டார்.

"சரி, கீழ ஊசி போடணும்னீங்களே, அதையாவது முடிச்சிட்டுக் கெளம்புவோமா?"

பஸ் நின்றது. "ஊசி வேணா!" யாழினி வீறிட்டுக்கொண்டு என் மேசைக்கு அடியில் போய்ப் புகுந்தாள்.

"அடி ஆத்தாடி! நான் சொன்னதா கேட்டுச்சு?" பெரியப்பா வேட்டியை மடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் மண்டியிட்டார். "இல்லடா தங்கம், ஊசி இல்லடா. பெரியப்பா சும்மா சொன்னேன்டா. வெளிய வாடா." செல்வி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்: ஒரு அம்மா பொய் சொன்னால், திட்டுவதற்கு முன்னால் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். அன்று செல்வி மறைக்காமல் சொன்னதால்தான் அந்தக் குழந்தையின் பேச்சு பிழைத்தது. அதற்கு நான்தான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்று ஊசி போடவில்லை. அடுத்த வாரம் யாழினியைத் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் பெரியப்பா.