எட்டு ஓநாய்க்குப் பதில் எட்டு ஆடு

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பொத்தான் விற்கும் கவுஸ் பாஷாவுக்கு ஊரில் யாரைக் கண்டாலும் ஆகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்காகக் காத்துக் கிடப்பார். சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து அவர் தன் கடையில் ஒரு கதை விளையாட்டு நடத்தினார். அவர் கதை சொல்வார். ஆடுகிறவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாக, மந்திரவாதியாகப் போய்ப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். தீர்ப்பு மட்டும் பாஷாவுடையது. வீட்டில் மனைவி ஜீனத்துன்னிசாவிடம் அவர் தீர்ப்பு எதுவும் செல்லாது என்பதால், இதை உயிராக வைத்திருந்தார்.

மந்திரவாதி, கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர் வீரமுத்து. எந்தச் சண்டை வந்தாலும் மந்திரம் போட்டு எட்டு ஓநாய்களை வரவழைப்பார். எட்டுக்கும் அடையாளமாக எட்டுப் பொத்தான், எட்டு உருட்டல். வாள்வீரனாக ஆடும் பக்கத்துக் கடைத் தையல்காரர் தமிழரசனுக்கு முறை வருவதற்குள் எதிரி செத்தே போயிருப்பான்.

எண்பத்தேழாம் வருஷம், வன்னியர் இடஒதுக்கீட்டு மறியல் வாரம். சாலையெங்கும் வெட்டிப் போட்ட மரம், பஸ் இல்லை. வீரமுத்து சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்து சேர்ந்தார்.

"இந்தாளு நாய் மேய்க்கறத பாக்கவா வரேன்? இன்னிக்கும் ஓநாய் வந்துச்சு, நான் எழுந்து போய்க்கினே இருப்பேன் பாய்" என்றார் தமிழரசன்.

ஒருவர் போனாலும் ஆட்டம் கலைந்துவிடும். பாஷா அதற்கும் புத்தகத்தில் வழி தேடி வைத்திருந்தார்.

கதையில் மலைக்கணவாயில் குதிரைப்படை இருவரையும் துரத்தியது. வீரமுத்து மந்திரம் போட்டார். பாஷா எட்டு வெள்ளைப் பொத்தானை வைத்தார்.

"எட்டு வெள்ளாடு."

"இன்னா பாய், நக்கலா? நான் கூப்ட்டது ஓநாயி."

"கூப்புடறதுதான் உன் வேல. எதை அனுப்பறதுன்றது என் இஷ்டம். புஸ்தகத்துல போட்டுக்கீது."

தமிழரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரமுத்து பல்லைக் கடித்தபடி எட்டுப் பொத்தானையும் கணவாய்க்குக் குறுக்கே வரிசையாக நகர்த்தினார்.

"மறியல். இப்ப குதிர எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்."

தமிழரசன் சிரிப்பை நிறுத்தினார். "ஆமா பாய், போவாது. நாலு நாளா ஒரு லாரியாவது போச்சா?"

பாஷாவுக்குக் காது சிவந்தது. "குதிர தாண்டிடுச்சு."

"உருட்டாமயேவா?" என்றார் வீரமுத்து.

"நான்தான் சொல்றன்ல!"

"அப்ப நீயே ஆடிக்க." முதலில் எழுந்தவர் தமிழரசன். அவர் பின்னாலேயே வீரமுத்துவும் போனார்.

அடுத்த ஞாயிறு தையல் கடையில் ஆட்டம் நடந்தது. கதை சொன்னவர் வீரமுத்து, புத்தகமே இல்லாமல். பாஷாவை யாரும் அழைக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த ஜீனத்துன்னிசா, பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, "நீங்களும் போய் ஒரு ஆளா சேந்துக்கறதுதான?" என்றாள்.

"அவன் கதையில நான் போய் அடி வாங்கணுமா?" என்று சீறிய பாஷா, ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.