கதவு மாமாவின் கம்ப்யூட்டர்

மூன்றாவது மாடி வந்து நின்றதும், லிஃப்ட் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். "மூன்றாம் தளம்." வாய் அதிகம் திறக்காது, குரல் மட்டும் மார்புக்குள்ளிருந்து உருண்டு வரும். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காமல் இறங்கிப் போவார். புதிதாகக் குடிவந்தவர்கள் திடுக்கிட்டு லிஃப்டின் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் பேசாது. "டிங்" என்று ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். "ஊமை லிஃப்ட்டு" என்பார் அவர். "இதை வாங்கினவனுக்குக் காது கிடையாது."

பேசுகிற லிஃப்டுகளில் பலவற்றில் பேசுவது இவர்தான். ஆஸ்பத்திரியில், துணிக்கடையில், வரி அலுவலகத்தில். "கதவு மூடுகிறது." "தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்." பதினோரு வருடமாக ஒரே நிறுவனத்துக்கு, தன் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கிறார். கட்டிடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் கதவு மாமா. அது அவருக்கும் தெரியும். "கதவுன்னு சொன்னாலும், கூடவே மாமான்னு சேத்துச் சொல்றாங்களே, அது போதும்" என்பார்.

காலை பத்து மணி வரை அவர் பேசுவதில்லை. தொண்டை விழிக்க நேரம் வேண்டுமாம். அதற்குள் யாராவது வந்து மணி அடித்தால் கையால்தான் பதில்: வேண்டாம் என்றால் விரலை ஆட்டுவார், நாளை வா என்றால் தோளுக்கு மேல் கையை வீசுவார். வெயில் காலத்திலும் கழுத்தில் ஒரு மஃப்ளர். பதிவுக்கு முன் பச்சை ஆப்பிளில் பாதியைத் தின்பார். அப்போதுதான் உதடு பிரியும்போது "ப்ச்" என்று ஒட்டாது. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்துவிட்டு வருவார். சட்டை சரசரக்கும் என்பதால் வெளுத்துப்போன ஒரு பனியன். சிரிப்பு வந்தால் தோள் மட்டும் குலுங்கும். சத்தமாகச் சிரித்தால் தொண்டை கிழியும் என்று எப்போதோ யாரோ சொன்னதை இன்னும் நம்புகிறார்.

பதிவு செய்யும் இடம் ஒரு பெரிய துணி அலமாரிதான். கதவுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு முக்காலியும் மைக்கும் வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் அவர் மனைவியின் புடவைகள் தொங்குகின்றன. மனைவி மகள் வீட்டில் இருக்கிறார். பேரன் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவர், மூன்று வருடமாகிவிட்டது. சண்டை எதுவும் இல்லை. மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். இவரும் போயிருக்கலாம். ஆனால் மகள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே ரயில் பாதை. எட்டு நிமிடத்துக்கு ஒரு ரயில். "அங்க போனா எட்டு நிமிஷத்துக்கு ஒரு தளம்தான் பேச முடியும்" என்பார்.

புடவைகளை அனுப்பச் சொல்லி அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருமுறை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தபோது நானே கேட்டேன்.

"இருபது புடவைய வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? கட்டிக்கவா போறீங்க?"

"அதை எடுத்தா ரூம் எதிரொலிக்கும்டி."

"எதிரொலிக்கட்டுமே. பேச்சுத் துணைக்காச்சும் ஆகும்."

அவர் தோள் குலுங்கியது.

இவரை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு பென்டிரைவ். நான் நாலாவது மாடியில் ஓர் அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். அவருடைய கம்ப்யூட்டர் பழையது. நிறுவனத்தின் இணையப் பக்கம் அதில் திறக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு, அந்த வாரம் பேசிய வரிகளைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு படியேறி வருவார். என் லேப்டாப்பிலிருந்து அனுப்பிவைப்பேன். ஐந்து நிமிட வேலை. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதனால் வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும், எந்த ரிமோட் கெட்டாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்தது தாவரவியல் என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இவரும் போட்டுக்கொள்ளவில்லை.

"படிச்ச பொண்ணுதானே நீ. சொல்லு. அமுக்கவா, வேண்டாமா?"

அமுக்குவது என்றால் ஒரு பொத்தானை. தினமும் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்: ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றலாமா? கீழே "இப்போதே" என்று ஒரு பொத்தான், "நாளை நினைவூட்டு" என்று இன்னொன்று. நாலு வருடமாக இரண்டாவதைத்தான் அமுக்கி வருகிறார். அதற்கு மட்டும், பத்து மணி ஆகாவிட்டாலும் வாய் திறந்து, "நாளைக்குப் பாக்கலாம்பா" என்று பதில் சொல்வார். ஒரு விடுமுறை நாளில் அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதம்மா. காலையில என்னைப் பாத்து ஏதாச்சும் கேக்கற ஒரே ஆள் இதுதான்."

இந்த மாதம் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் புதிதாக நாலு மாடி எழுப்பியிருக்கிறார்கள். பதினொன்று முதல் பதினான்கு வரை குரல் வேண்டும். ஆனால் இனிமேல் பதிவு செய்து அனுப்புகிற கதை கிடையாது. அவர் பேசும்போதே நிறுவனத்து ஆள் இணையத்தில் கூட இருந்து கேட்பார். அதற்கான புரோகிராம் புதிய சிஸ்டத்தில்தான் ஓடும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவர் தயாராக இல்லாவிட்டால் எல்லா லிஃப்டுகளிலும் ஒரு கணினிக் குரலைப் போட்டுவிடுவார்கள். புதிய மாடிகளின் குரல் பழைய பத்து மாடிகளோடு ஒட்டவில்லை என்றாலும் அதே கதிதான்.

"அப்போ அமுக்கிட வேண்டியதுதானே, மாமா?"

"அமுக்கினா வீடு போயிடும்மா."

எனக்குப் புரியவில்லை. கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

வேலை கிடைத்த முதல் வாரம் அவர் ஓர் இரைச்சல் நீக்கும் புரோகிராம் வாங்கியிருக்கிறார். முதலில் அதற்கு அறையின் இரைச்சலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். யாரும் பேசாமல் முப்பது நொடி பதிவு செய்தால், அப்போது மிச்சமிருக்கும் சத்தம் எது என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு பேசும் ஒவ்வொரு வரியிலிருந்தும் அந்தச் சத்தத்தைக் கழித்துவிடும். அன்று அவர் கூடத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, உள்ளே போய்ப் பதிவு செய்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவளுடைய மீன் தொட்டியின் காற்று பம்ப் ஓடியது. ஃபிரிட்ஜ் ஓடியது. மனைவி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. "நாளைக்கு ரவிக்கை குடுக்கணும். உங்க லிஃப்ட்டு நிக்கட்டும், என் மெஷின் நிக்காது."

மூன்று சத்தமும் சேர்ந்து பதிவானது. புரோகிராம் அவற்றைக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்துக்கு அவர் வைத்த பெயர் "வீடு". மூலப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டார். "வெறும் சத்தம்தானே, எதுக்கு எடத்தை அடைக்கணும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அந்த மூன்றும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். வேறு எதுவும் கூடாது. அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துணி தொங்கினால் ஆள் அசையக் கூடாது. தும்மலை விழுங்கக் கற்றுக்கொண்டவள் அவர் மகள். இப்போது போனில் அந்த அம்மா சொல்கிறார்: "இங்க நான் பாத்திரத்தை டம்முனு போடறேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்ல. சொர்க்கமா இருக்கு."

தையல் மெஷின் மூன்று வருடமாக ஓடவில்லை. மீன் தொட்டி காலி. ஆனாலும் இன்று வரை அவர் பேசும் ஒவ்வொரு தளமும் "வீடு" வழியாகத்தான் வெளியே போகிறது. "பழக்கம்தான்" என்றார். "அதோட, அந்தச் சத்தம் கழிஞ்சு வர்றதைத்தான் அவங்க என் குரல்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க." புதிய சிஸ்டத்தில் இந்தப் பழைய புரோகிராம் ஓடாது. அது போனால் அது கற்றதும் போகும்.

அந்தப் புரோகிராமில் ஒரு வசதி இருக்கிறது. கழித்துத் தள்ளியதை மட்டும் தனியாகக் கேட்கலாம். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, அன்று பேசிப் பார்த்த "பதினொன்றாம் தளம்" என்ற வரியில் அதைப் போட்டுக் காட்டினார். மெஷினும் பம்பும் கேட்கப்போகிறது என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். கேட்டது அவர் குரலின் துணுக்குகள். ஓர் எழுத்தின் ஓரம், ஒரு மூச்சின் நுனி. கழிப்பதற்கு அறையில் சத்தம் இல்லாததால் அது அவரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார்.

தலையாட்டினேன். என்ன கேட்டது என்று சொல்லவில்லை. இத்தனை வருடமாக இதே வேலையில் இருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டு அறை வீட்டில் ஏழு பேருக்கு நடுவில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துத் தேறியவள் நான். அமைதி என்பது வசதியுள்ளவர்கள் வீட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் தேடிப் பிடித்தது இந்தத் தனி அறையைத்தான். அன்று மாடியேறி வந்து கதவைச் சாத்தியபோது, நான் தேடிப் பிடித்தது என்ன என்று ஒரு சந்தேகம் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "இரு, டிவியைக் குறைக்கிறேன்" என்றாள். குறைக்காதே என்றேன்.

அவருக்கு உதவியாக நான் சொன்ன ஒரே யோசனை, இன்னொரு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாமே என்பது. "அந்த ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர் காத்தாடி ஓடினா, நான் எதைத் தாண்டிப் பேசறது?" என்று தள்ளிவிட்டார். கம்ப்யூட்டர் கடைக்காரரையும் போய்க் கேட்டிருக்கிறார். முன்னால் போகலாம், திரும்பிப் பின்னால் வர முடியாது என்று பதில். "அவன் கம்ப்யூட்டரைச் சொல்றானா என்னைச் சொல்றானான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். போனபோது திரையில் அந்தப் பெட்டி. அவர் கை மவுஸின் மேல். போன் அடித்தது; மனைவி. ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் அந்தப் பொத்தானைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களா?"

"நீ சொல்லேன், என்ன பண்ண?"

"நான் என்னத்தைக் கண்டேன்? உங்க பேரன் நேத்தும் ஒரே அழுகை. துணிக்கடைக்குக் கூட்டிப்போனா ஒண்ணும் வாங்க விட மாட்டேங்கறான். லிஃப்ட்ல ஏறணும், அவ்வளவுதான். நீங்க 'கதவு மூடுகிறது'ன்னு சொன்னா டாட்டா காட்டறான். நாலு தரம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். எனக்குத் தலை சுத்துது."

"நாலு தரமா?"

"பின்னே? அங்க வேற எவனோ பேசினா அவன்கிட்ட நான் என்ன சொல்ல? தாத்தா வேலைய விட்டுட்டாருன்னா?"

அவர் போனை வைத்தார். "சரிப்பா" என்று திரையிடம் சொல்லிவிட்டு "இப்போதே" என்ற பொத்தானை அமுக்கினார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. திரையில் ஒரு வட்டம் சுற்ற, அதன் கீழே எண் ஏறிக்கொண்டே போனது. முக்காலியை வெளியே இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வந்ததும் அவரையறியாமல், "முப்பத்தேழாம் தளம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே சொல்ல ஆரம்பித்தார். அறுபதாம் தளம். எண்பத்திரண்டாம் தளம். நூறு வந்ததும் "கதவு திறக்கிறது" என்றார். திரை திறந்தது. பழைய புரோகிராமின் படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். இந்தப் பதிப்பில் இயங்காது என்று வந்தது.

நிறுவனம் அனுப்பிய புதிய புரோகிராமும் முதலில் அறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. முப்பது நொடி அமைதியாக இருக்கவும். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபிரிட்ஜ் கூட அந்த நேரத்தில் நின்றுவிட்டிருந்தது. முடிந்ததும் திரையில் ஒரு வரி: நீக்க வேண்டிய இரைச்சல் எதுவும் இல்லை.

"சுத்தமா இருக்குங்குது" என்றார்.

உள்ளே போய் "பதினொன்றாம் தளம்" என்று பேசினார். பழைய "பத்தாம் தளம்" பக்கத்தில் அதை வைத்து இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டார். எனக்கே தெரிந்தது. பத்தாம் தளத்தில் இருந்தவர் கொஞ்சம் தூரத்தில், கொஞ்சம் மெலிந்து, எதற்கோ இடம் விட்டுப் பேசினார். பதினொன்றாம் தளத்தில் இருந்தவர் முழுசாக, வயதானவராக, காதுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ரெண்டு ஆளு பேசற மாதிரி இருக்கு, இல்லம்மா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனார். நான் அறைக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலி மீன் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு, தூசி படிந்த பம்பை எடுத்து ஊதி, மின்சாரத்தில் செருகினார். அது இருமிவிட்டு ரீங்கரித்தது. ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது மறுபடி ஓட ஆரம்பிக்கும் வரை நின்றார். தையல் மெஷினின் உறையை உருவி, மடித்து, நாற்காலியின் மேல் வைத்தார். அதன் மோட்டார் வயரைச் செருகினார். காலால் அழுத்தும் மிதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கூடத்து அலமாரியின் அடியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து மிதியின் மேல் வைத்தார். துணி இல்லாமல், நூல் இல்லாமல், ஊசி ஏறி ஏறி இறங்கியது.

திரும்பி வந்தார். புதிய புரோகிராமில் அறையைக் கற்றுக்கொடுக்கும் பக்கத்தை மறுபடி திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டார். கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு கணம் நின்று, கூடத்தைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.