ஸ்டார்ட் ஆகாத கார்

இன்று காலை நெல்லியடியிலிருந்து அக்கா அழைத்தாள். "அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உன்னைத்தான் கேக்கிறா. கெதியா வா."

அக்காவின் அம்மா என் பெரியம்மா. என்னை வளர்த்தவர்.

என் கணவர் கனடாவுக்குத் திரும்பியதிலிருந்து கார் கொட்டிலில்தான் நின்றது. சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. பற்றரி செத்திருந்தது. அடைமழையில் ஓட்டோவும் கிடைக்கவில்லை.

வேலிச் சண்டைக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணையோடு எங்களுக்குப் பேச்சில்லை. ஆனாலும் போய்ப் படலையைத் தட்டினேன்.

"அண்ணை, பெரியம்மா சாகக் கிடக்கிறா. கார் ஸ்டார்ட் ஆகுதில்லை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தன் டிராக்டர் பற்றரியைக் கழற்றி, மழையில் நனைந்தபடி தூக்கிவந்தார். வயரைக் கொழுவினார்.

"இப்ப திருப்பு, பிள்ளை."

கார் உறுமியது.

"வழியிலை நிப்பாட்டிப் போடாதை. பிறகு ஸ்டார்ட் வராது."

பாதி வழியில், வல்லைவெளியில் போன் அடித்தது. அக்காதான். நான் எடுக்கவில்லை. எடுக்காமலே விளங்கிவிட்டது.

வாசலில் நின்ற அக்கா சொன்னாள்: "இப்பதான் போனவ. கார்ச் சத்தம் கேக்குதோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ."

செத்தவீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவருக்காக உங்கள் வீட்டிலும் ஒரு கார் மூடிக் கிடக்கும். அதைக் கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள்?