அஞ்சலை வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டு

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் கூரியர் கிளை. நான் கவுன்டர் இன்சார்ஜ். தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து கம்பெனி வேன் வரும். எங்கள் ஆபீசுக்கு நேர் எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கும். டிரைவர் ஏழுமலை இறங்கி டீயும் வடையும் முடித்து, எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே சிதம்பரத்துக்கு வண்டியை விட்டுவிடுவார். கடலூர் பார்சல்கள் எல்லாம் அந்த வேனுக்குள்ளேதான் இருக்கும். அவை சிதம்பரம் ஹப்புக்குப் போய், அங்கே மூட்டையின் சீலை உடைத்து, ஸ்கேன் பண்ணி, கடலூருக்கு என்று தனி மூட்டை கட்டி, மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் எங்களிடம் திரும்பி வரும்.

ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், வண்டி நம்ம வாசல்லதான் நிக்குது. இங்கியே எறக்கிட்டா என்னா சார்?"

"யம்மா விஜயா, நீங்க வேலைக்குச் சேந்து எத்தன நாளு ஆவுது?"

"இன்னிக்கிதான் சார்."

"நாளைக்கும் வாங்க. போகப்போகப் புரியும்."

இது 2004-இல். அதற்கப்புறம் எட்டு வருஷம் அங்கே இருந்தேன். போகப்போக எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரியவில்லை என்பதுதான். கம்பெனி சாப்ட்வேரில் ஜில்லாவுக்கு ஒரு ஹப் என்றுதான் இடம் இருந்தது. சிதம்பரத்துக்காரர் எங்களுக்கு முன்னால் கிளை எடுத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்டிக்கர் மகிமை

அப்போதெல்லாம் வருவது கல்யாணப் பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ், பேங்க் செக்புக். ஒரு நாள் லேட்டானால் யாரும் குடி முழுகிப் போனதாகச் சொல்லமாட்டார்கள். நாலைந்து வருஷத்தில் நெட்டில் சாமான் வாங்குகிற காலம் வந்தது. செல்போன், வாட்ச், செருப்பு, ஒரு வீட்டுக்குச் சப்பாத்தி மெஷின்கூட வந்தது. வாங்கினவர்கள் டிராக்கிங் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு காலை, மாலை எங்களைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனி உடனே மூன்று சர்வீஸ் கொண்டுவந்தது. ஆர்டினரிக்கு வெள்ளை ஸ்டிக்கர், எக்ஸ்பிரஸுக்கு மஞ்சள், சூப்பர் எக்ஸ்பிரஸுக்குச் சிவப்பு. காசு மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். மூன்றும் ஒரே மூட்டை, ஒரே வேன், ஒரே ஏழுமலை. சிவப்பு ஸ்டிக்கர் பார்சலுக்காக ஏழுமலை வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

டிராக்கிங்கும் அதே கதைதான். காலை பத்து மணிக்குள் எல்லாப் பார்சலுக்கும் 'அவுட் ஃபார் டெலிவரி' போட்டாக வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு. பத்து மணிக்கு அந்தப் பார்சல்கள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருக்கும். பரவாயில்லை, போடு. சாயங்காலம் கொடுக்க முடியாமல் போனால் 'டோர் லாக்' போடு. வீடு பூட்டியிருந்தது என்று அர்த்தம். மழை பெய்தால் டோர் லாக். டெலிவரி பையன் வண்டி பஞ்சர் என்றால் டோர் லாக். ஐப்பசி மாதத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தால் கடலூர் ஜனங்கள் மொத்தமாக ஊரைக் காலி பண்ணிவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஒரே பார்சலுக்கு மூன்று டோர் லாக் விழுந்தால், வாங்க வேண்டியவரே அடையாள அட்டையோடு ஹப்புக்கு நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம். இந்த ரூல் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

அஞ்சலை வந்தார்

2010 என்று நினைவு. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். முதுநகர் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்தார். புருஷன் தவறிய பிறகு விசைப்படகைத் தானே வைத்து நடத்துகிறவர். படகில் இருந்த ஜிபிஎஸ் கருவி கெட்டுப்போய், சென்னையில் வேலை பார்க்கிற மகள் நெட்டில் புதுசு வாங்கி அனுப்பியிருந்தாள். சூப்பர் எக்ஸ்பிரஸ். சிவப்பு ஸ்டிக்கர்.

"தங்கச்சி, நாள விடிகால எல்லாப் போட்டும் எறங்குது. கருவி இல்லாத போட்டுல ஏறமாட்டோம்னு ஆளுங்க சொல்லிட்டானுங்க. வேற போட்டுக்காரன் இப்பவே கூப்புட்டுகினு கெடக்கான். ஆளு போச்சின்னா இந்த சீசனே எனக்குப் போச்சி. கடன ஒடன வாங்கி வலையெல்லாம் தச்சி வச்சிருக்கேன்."

தடை முடிந்து முதலில் இறங்குகிற படகுக்குத்தான் மீன். கடலூரில் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்ப்யூட்டரில் பார்த்தேன். பார்சல் விழுப்புரம் தாண்டியிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் டீக்கடை வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

"யக்கா, அதுக்குள்ளதான் இருக்கு," என்று என் வாய் சொல்லிவிட்டது.

அஞ்சலை ரோட்டைத் தாண்டின வேகத்தைப் பார்க்க வேண்டும். எதிரே வந்த டவுன் பஸ்தான் பயந்து நின்றது. ஏழுமலை வடையை மென்றுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

"யக்கா, சீல ஒடச்சா என் வேல போயிடும். சிதம்பரம் மூட்டைய சிதம்பரத்துலதான் பிரிக்கணும்."

"அட நாசமாப் போறவனே, கடலூரு சாமானுக்கு சிதம்பரத்துல என்னாடா வேல? சாமி கும்புடப் போவுதா?"

"அதத்தான் மேடமும் சேந்த நாள்லேருந்து கேட்டுகினு இருக்குது," என்று ஏழுமலை என்னைக் கைகாட்டினார்.

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "பார்சல் நல்லபடியா மூவ் ஆவுதில்ல? அப்பறம் என்ன கம்ப்ளைன்ட்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரிசீவரை வைத்த வைப்பில் அது விரிசல் விட்டுவிட்டது.

வேன் கிளம்பியது. அஞ்சலையும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். ஆலப்பாக்கம் தாண்டி பஸ் வேனை முந்திவிட்டதாம். முந்தும்போது ஜன்னல் வழியாக ஏழுமலையைத் திட்டிக்கொண்டே போனதாகப் பிற்பாடு அஞ்சலையே சொன்னார்.

பூட்டினேன்

சிதம்பரம் ஹப் இன்சார்ஜ் பெயர் சம்பந்தம். நல்ல மனுஷன், ஆனால் ரூல் என்றால் உயிரை விடுவார். மத்தியானம் அவரே போன் பண்ணினார்.

"மேடம், இங்க ஒரு அம்மா வந்து உக்காந்துகினு எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. பார்சல் என் கையிலதான் இருக்கு. ஆனா கடலூர் டெலிவரிய நான் எப்படிக் குடுக்கறது? நாளைக்கி மத்தியானம் உங்களுக்கு வந்துடுமே!"

"நாளைக்கி மத்தியானம் அவுங்க போட்டு காலியா நிக்கும் சார்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. சிஸ்டம் ஒத்துக்கணுமே மேடம்."

சிஸ்டம்தானே? எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிற பார்சலுக்கு நாங்கள் தினமும் 'அவுட் ஃபார் டெலிவரி' போடுகிறோம், சிஸ்டம் ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கிறதா?

"லைன்லயே இருங்க சார்," என்றேன்.

அவுட் ஃபார் டெலிவரி போட்டேன். டோர் லாக் போட்டேன். மறுபடியும் அவுட் ஃபார் டெலிவரி, மறுபடியும் டோர் லாக். மூன்றாவது தடவையும் அதே மாதிரி. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. போட்ட ஒவ்வொன்றுக்கும் அங்கே அஞ்சலையின் போனில் மெசேஜ் மணி அடிப்பது எனக்கு இங்கே கேட்டது. சம்பந்தம் அதை வாங்கி அவருக்கே படித்துக் காட்டினார்.

"அம்மா, உங்க வூடு பூட்டியிருக்குதாம். மூணு தடவ வந்து பாத்துட்டுத் திரும்பிட்டாங்களாம்."

"எவன்டா வந்தான்? எங்க வூட்டுக் கதவுக்குத் தாப்பாளே கெடயாதுய்யா!"

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மூணு டோர் லாக் ஆயிடிச்சி. நேர்ல வந்துட்டீங்க. வோட்டர் கார்டு இருக்கா?"

இருந்தது. கொடுத்தார். சம்பந்தம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலை எடுத்து நீட்டினாராம். என்னிடம், "இப்ப எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்," என்றார். அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

எழுந்த கேள்வி

அடுத்த வாரம் ஒரு கூடை இறாலோடு அஞ்சலை ஆபீசுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மேனேஜர் போன் வந்தது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"விஜயா, சூப்பர்! ஒரு கடலூர் பார்சல் ஹப்புக்கு வந்த அன்னிக்கே டெலிவரி ஆயிருக்கு. நம்ம ஏரியாவுல இதுதான் ரெக்கார்டு. ஹெட் ஆபீஸ்ல இதையே ஸ்கீமா கொண்டுவராங்க. கடலூர் கஸ்டமர் சிதம்பரத்துக்கே போயி அன்னிக்கே வாங்கிக்கலாம். எக்ஸ்ட்ரா சார்ஜ். புது ஸ்டிக்கர்கூட வருது, தங்கக் கலரு!"

போனை வைத்துவிட்டு அஞ்சலையிடம் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் தங்கச்சி, நான் பஸ்ஸு ஏறிப் போயி நானே தூக்கியாந்தேன். அந்தக் கூலிய நீங்கதான எனக்குக் குடுக்கணும்?"

அவர் கேட்டதை அவர் பேச்சிலேயே, ஒரு சொல் மாற்றாமல், கஸ்டமர் கம்ப்ளைன்ட் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்டேட்டஸை அவ்வப்போது போடுங்கள், ஆனால் வாங்க வந்தவர் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய் வேன் நிற்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்ளைன்டுக்கு அவர் கிளம்புவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் எங்கள் கம்பெனி நிஜமாகவே சூப்பர் எக்ஸ்பிரஸ். அஞ்சலை அக்கா போனில் மணி அடித்தது. எடுத்து என்னிடம் நீட்டினார். படித்துக் காட்டினேன்: உங்கள் புகார் குறித்துப் பேச எங்கள் ஊழியர் நேரில் வந்தார், வீடு பூட்டியிருந்தது.