புதுக் கொட்டகைக்கு வராத தறிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் என்னை இறக்கிவிட்டது. வியாழக்கிழமை. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கால்வாயை நோக்கி நடந்தேன்.

கொழும்பின் பழைய தொழிற்சாலைகளைப் பற்றி நண்பர்கள் சிலர் ஒரு நூல் தொகுக்கிறார்கள். எனக்குக் கிடைத்த பங்கு, இந்தக் கால்வாய்க்கரையில் இருந்த நெசவாலை. ஆலை மூடப்பட்ட கதை பலருக்குத் தெரியும். நான் அறிய வந்தது அதற்கு முன்பு நடந்ததை. ஆலைக்குப் பின்னால் புதிய தறிக் கொட்டகை ஒன்றைக் கட்டத் தொடங்கித் தூண்களோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று நான் வாசித்த எதிலும் இல்லை.

தூண்களில் ஆறு இன்னும் நிற்கின்றன. ஒரு தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால், உச்சியில் துருப்பிடித்த கம்பிகளோடு. தூணுக்குத் தூண் கயிறு கட்டி யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இது என்ன கட்டடம் என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் திரும்பித் தூண்களை முதல் தடவை பார்ப்பவர்போலப் பார்த்தார். தெரியாது என்றார்.

பக்கத்துக் கோயில் வாசலில் பூ விற்கும் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

“மில்லுல வேலை செஞ்ச ஆளுங்க இப்ப இங்க இல்லீங்க. கொட்டாஞ்சேனைல தனலட்சுமி அக்கா இருக்காங்க. போன்ல பேச ஏலாது. காது கேக்காது. நேர்ல போங்க.”

நூறாம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு அறுபது ரூபாய். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் முந்நூறு கேட்டார். வழியில் நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“வெள்ளவத்தையில மில்லா? அங்க கடலும் சேலக் கடயும்தானே சேர் ஈக்கிது.”

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பிறந்தது இதே கொழும்பில், கொம்பனித்தெருவில் என்றார்.

தனலட்சுமியின் வீடு இருந்த தெருவில் ஓட்டோ நுழைய முடியவில்லை. ஒரு லொறி குறுக்கே நின்றது. எதிர்க் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் ஓர் அலுமாரியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

கதவைத் திறந்தவர் மகள் வசந்தி. புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை, இன்று லீவு. அம்மா பல்கனியில் நின்றார். எழுபதைத் தாண்டிய, உயரமான பெண். தெருவுக்கு அப்பால், அதே உயரத்தில், இன்னொரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தனலட்சுமியின் உதடுகள் அகல அகல அசைந்தன. விரல்கள் காற்றில் ஏதோ எண்ணின, முடிச்சுப் போட்டன. குரல் இல்லை. எதிரே நின்றவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கீழே லொறிக்குப் பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன.

“தறி ஓடுற சத்தத்துல பேசினா கேக்காதுல்ல, மில்லுல எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாங்களாம்” என்றார் வசந்தி. “அது ரோசலின் ஆன்ட்டி. ரெண்டு பேருக்கும் காது போயிருச்சு. இது மட்டும் போகல.”

ரோசலினின் மகன் நகருக்கு வெளியே ஹெந்தளையில் வீடு கட்டியிருந்தார். லொறி அவருடையது. இன்று ரோசலின் அங்கே குடிபோகிறார்.

“வீடியோ கோல் எடுத்துப் பாத்தோம். முகம் தெரிஞ்சா கை தெரியல, கை தெரிஞ்சா முகம் தெரியல. ரெண்டு பேரும் போனையே திட்டினாங்க.”

தனலட்சுமி என் பக்கம் திரும்பி, நான் என்னைப் பற்றிச் சொன்னதை என் உதடுகளில் வாசித்தார். “மெதுவாப் பேசுங்க தம்பி. ஒங்க யாழ்ப்பாணத்து வாய் எனக்குப் பழக்கமில்ல.”

புதுக் கொட்டகையை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது. புதுத் தறி வரும், சத்தமே போடாதுன்னு சொன்னாங்க. அப்ப எனக்கு ஒரு காது நல்லாக் கேட்டுச்சு. தூண் எழும்பினதும் சாப்பாட்டு நேரத்துல நாங்க போய்ப் பாப்போம். எந்த எடத்துல என் தறி, எந்த எடத்துல அவ தறின்னு எடம்கூடப் புடிச்சு வச்சிருந்தோம். பக்கத்துப் பக்கத்துல.”

பிறகு என் கேள்வியை எதிர்ப் பல்கனிக்கு அனுப்பினார். பதில் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சத்தமில்லாத தறி வராததே நல்லதுங்கறா. வந்திருந்தா நாங்க பேசினதெல்லாம் மேஸ்திரி காதுல விழுந்திருக்குமாம்.”

என்னிடம் இன்னும் பல கேள்விகள் இருந்தன. கீழே லொறியில் கட்டிலை ஏற்றிவிட்டார்கள்; மிச்சம் சமையல் சாமான்தான். நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தனலட்சுமி தெருவுக்கு முதுகு காட்ட வேண்டியிருந்தது. பேனாவை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். வசந்தி தேநீர் தந்தார். அடுத்த முக்கால் மணி நேரம் பல்கனியிலிருந்து வளையல் ஓசை மட்டும் வந்தது.

ரோசலின் தெருவில் இறங்கி மேலே பார்த்தார். நேரில் வந்து விடைபெறவில்லை. இறங்கியபின் மறுபடி மாடி ஏற இருவருக்கும் முழங்கால் எளிதில் இடங்கொடுக்காது. லொறியின் முன்னிருக்கையில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையும் ஒரு கையும் நீட்டி, பின்பக்கமாகத் திரும்பிப் பேசிக்கொண்டே போனார். முனையில் லொறி திரும்பும்வரை தனலட்சுமி பதில் சொன்னார்.

ரோசலின் இரண்டு பூச்சட்டிகளைத் தனலட்சுமிக்காகத் தன் பல்கனியில் விட்டு, சாவியை வசந்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வசந்தி அடுப்படியில் நின்றதால் சாவியை வாங்கிக்கொண்டு நான் போனேன். வெறும் அறை, சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. பல்கனிக் கதவைத் திறந்தேன். எதிரே தனலட்சுமி. அவர் உதடுகள் அசைந்தன, இரு கைகளும் எழுந்தன. எந்தச் சட்டி என்கிறாரா, கதவைப் பூட்டச் சொல்கிறாரா? “என்ன?” என்று கத்தினேன். தெருவில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தொடர்ந்து பேசினார், நீளமாக. நான் தலையாட்டினேன்.

சட்டிகளோடு திரும்பி வந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஒங்களுக்கில்ல தம்பி. கை தானாப் போயிருச்சு.”

“ஞாயித்துக்கிழமை ஹெந்தளைக்குக் கூட்டிட்டுப் போறேன்மா” என்றார் வசந்தி. தனலட்சுமி கவனிக்கவில்லை, எதிர்ப் பல்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி அருகில் போய்த் தோளைத் தொட்டு, அவரைத் தன் பக்கம் திருப்பி, மறுபடியும் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமையா? சனிக்கிழமையே போவோம்.”

“சனிக்கிழமை கடை இருக்கேம்மா. இன்னைக்கே லீவு போட்டுட்டேன்.”

“அன்னைக்கும் போடு” என்றார் தனலட்சுமி.